கிளிப் போடும் முன் பெற்றோருக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முழுப் பரீட்சை முடிந்து ஏப்ரல், மே மாதங்களில் பல்லை வரிசையாக்கும் கம்பிக் கிளிப் போடப் பிள்ளைகளைக் கூட்டி வருவோர் அதிகம். முதல் வாரத்து வலி பள்ளி இல்லாத நாளில் கழிந்துவிடும் என்பதால் அந்த நேரம் நல்லதுதான். ஆனால் வந்த அன்றே மாட்டிக்கொண்டு போக முடியாது. பல் அளவும் போட்டோவும் எடுக்க வேண்டும். வாய் முழுக்கத் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று, முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று தேவை. சொத்தை இருந்தால் அடைத்து, காரையை எடுத்து, கடைவாய்ப்பல்லுக்கு வளையம் போடுவதாக இருந்தால் இடையில் சின்ன ரப்பரைச் செருகி ஒரு வாரம் விட வேண்டும். எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு வாரம் ஆகலாம். லீவில் மாட்ட வேண்டுமென்றால் மார்ச் தொடக்கத்திலேயே ஒருமுறை வந்து காட்டிவிடுங்கள்.

எந்த வயது? 7 வயதில் ஒருமுறை காட்டினால் போதும்; அப்போதே கிளிப் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பால்பல் எல்லாம் விழுந்து நிலைப்பல் முளைத்த பிறகு, 11 முதல் 13 வயதுக்குள் தொடங்குவோம். சிலருக்குக் காத்திருக்கக் கூடாது: கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வந்து கடிப்பவர்கள், விரல் சூப்பி மேல்பல் தள்ளிப்போனவர்கள், கடிக்கும்போது தாடை ஒரு பக்கம் ஒதுங்குபவர்கள். கீழ்த்தாடை உள்ளே போயிருக்கும் பிள்ளைக்கு, உடம்பு வேகமாக வளரும் காலத்தில் கழற்றி மாட்டும் பிளேட்டால் தாடையை முன்னுக்குக் கொண்டுவரலாம். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகம் பெரிய மனுஷி ஆவதற்குச் சற்று முன்பே உச்சத்தைத் தொட்டுவிடும். சீர் எல்லாம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளினால் அந்த வாய்ப்பு நழுவிவிடும்.

இன்னொன்றையும் முதலிலேயே யோசியுங்கள். கிளிப் வேலை சாதாரணமாக 18 முதல் 24 மாதம். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வந்தே ஆக வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றிலோ பிள்ளையை நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் எங்களிடம் சொல்லிவிடுங்கள். விடுதியில் மாதம் ஒருநாள் வெளியே விடுவார்களா, சாப்பிட்டபின் பல் துலக்க நேரம் கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டும் முடியாதென்றால், முன்கூட்டியே தொடங்கி முடித்துவிடுவது நல்லது. இல்லையேல் பன்னிரண்டாவது முடிந்தபின் போடலாம். மூன்று மாதம் பார்க்காமல் விட்ட கம்பி பல்லை வேண்டாத பக்கமும் நகர்த்தும். கிளிப்பே போடாமல் இருப்பதைவிட அது மோசம்.

"ஏனுங்க, நல்ல பல்லைப் புடுங்கியே ஆகோணுங்களா?" எல்லோரும் கேட்பது இது. தாடையில் இடம் போதாமல் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தாலோ, முன்பல் மிகவும் எடுப்பாக இருந்தாலோ எடுக்கச் சொல்வோம். பெரும்பாலும் கோரைப்பல்லுக்கு அடுத்துப் பின்னால் இருக்கும் பல்லைத்தான், மேலே இரண்டு, கீழே இரண்டு என எடுப்போம். அந்த இடத்துக்குள்தான் மற்றவை நகர்ந்து வரிசையாகும். "கண்ணுப்பல்லைப் புடுங்கினா பார்வை போயிரும்" என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படுவார்கள். பல்லின் நரம்பும் கண்ணின் பார்வை நரம்பும் வேறுவேறு. பார்வைக்கு ஒன்றும் ஆகாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பல ஊர்களில் போர் தண்ணியில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது என்பது இந்தியத் தர அளவு. ஏறத்தாழ 8 வயது வரை பல் உருவாகும் காலத்தில் அந்தத் தண்ணியைக் குடித்தவர்களுக்குப் பல்லில் சுண்ணாம்புத் திட்டோ பழுப்புக் கறையோ இருக்கும். கிளிப்பை ஒட்டும் முன் பல்லின் மேல் பாஸ்பாரிக் அமில ஜெல்லைச் சில நொடிகள் தடவிக் கழுவுவோம். காற்றடித்து உலர்த்தினால் அந்த இடம் சாக்பீஸ் போல வெளுத்துத் தெரியும். அந்தச் சொரசொரப்பில்தான் பசை பிடிக்கும். கறை பிடித்த பல்லில் இது சரியாக விழாது. அமிலத்தை இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டிவரும், அப்படியும் கிளிப் அடிக்கடி கழன்று வரலாம். அது பிள்ளையின் தப்பல்ல, திட்டாதீர்கள். கழன்றால் மறுபடி ஒட்டக் கட்டணம் உண்டா என்பதை மட்டும் எங்கே போட்டாலும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டிய அன்று வலி பெரிதாக இராது; மறுநாள்தான் உச்சம். மூன்று முதல் ஐந்து நாளில் அடங்கும். பாராசிட்டமால் போதும்; அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது, எழுதித் தருவோம். அந்த நாட்களுக்குச் சந்தகை, குழைய வேகவைத்த அரிசிம்பருப்பு, களி, கம்பங்கூழ் எல்லாம் தோது. பிறகும் கடலைமிட்டாய், முறுக்கு, தட்டுவடை, கரும்பு, முற்றிய தேங்காய்ப்பத்தை வேண்டாம். கொய்யாவையும் மாங்காயையும் கடிக்காமல் சின்னதாக நறுக்கிக் கடைவாயில் மெல்லட்டும். பற்களோடு கம்பியைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்தில் வெள்ளையைக் கேட்காதீர்கள். நம் வீட்டுக் குழம்பின் மஞ்சள் இரண்டே நாளில் ஏறி, அடுத்த முறை மாற்றும்வரை பல்லே மஞ்சளானது போலத் தெரியும். சாம்பல், நீலம், பச்சை தாங்கும்.

துலக்குவதில் பெற்றோர் கண் இருக்கத்தான் வேண்டும். கிளிப் சுற்றிலும் அழுக்கு நின்றால் நான்கே வாரத்தில் வெள்ளைத் திட்டு விழ ஆரம்பிக்கும். கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் நேராக இருக்கும், ஒவ்வொன்றிலும் கிளிப் இருந்த இடத்தைச் சுற்றித் திட்டு நிற்கும். அதை முழுதாகப் போக்குவது கடினம். பிரஷ்ஷை ஈறும் கிளிப்பும் சேரும் இடத்தில் சாய்த்து வைத்து மேல்பக்கம் ஒருமுறை, பிறகு கிளிப்புக்குக் கீழ்ப்பக்கம் ஒருமுறை. கம்பிக்கு அடியில் சாதா பிரஷ் போகாது. பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும், அதை ஒவ்வொரு இடுக்கிலும் விட்டு எடுக்க வேண்டும். ஃபுளோரைடு பேஸ்ட்டே போடுங்கள். பல்லில் கறை இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். முளைத்து முடிந்த பல்லில் பேஸ்ட்டால் புதுக் கறை வராது, துப்பிவிட்டால் போதும். இரவுத் துலக்கலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக்கூடாது. ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம் வந்தால் துலக்கியது போதவில்லை என்று பொருள்.

கம்பி முனை கன்னத்தைக் குத்தினால் நாங்கள் தரும் மெழுகைப் பட்டாணி அளவு உருட்டி, அந்த இடத்தை ஈரம் போகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்; மறுநாள் வாருங்கள். கழன்ற கிளிப்பை விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். ஆனால் விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் எங்களிடம் வராமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். கபடி, கிரிக்கெட் ஆடும் பிள்ளைக்கு வாய்க்கவசம் வேண்டும்.

கிளிப்பைக் கழற்றிய அன்று வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நினைத்துவிடுகிறார்கள். பல்லைச் சுற்றியிருக்கும் நார் புது இடத்துக்குப் பழக ஒரு வருஷம் வரை ஆகும். அதுவரை அது பழைய இடத்துக்கே இழுக்கும். அதற்குத்தான் ரிடெய்னர், அதாவது பல்லைப் புது இடத்திலேயே பிடித்து வைக்கும் கழற்றி மாட்டும் பிளேட். பொதுவாக முதல் ஆறு மாதம் சாப்பிடும் நேரம், துலக்கும் நேரம் தவிர நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும், அதுவும் வருடக்கணக்கில். வெந்நீரில் கழுவினால் நெளிந்துவிடும். பள்ளியில் மதியச் சோற்றுக்குக் கழற்றித் தாளில் மடித்து வைத்தால் தாளோடு குப்பைக்குப் போய்விடும். டப்பாவில்தான் வைக்க வேண்டும். தொலைந்தால் அன்றே தெரிவியுங்கள். இரண்டு மூன்று வாரம் போனபின் வந்தால் புது ரிடெய்னருக்குப் பதில் கிளிப்பையே மறுபடி மாட்ட நேரலாம்.

அன்புடன்,
பல் சீரமைப்புப் பிரிவு,
ஈரோடு