சரவணனுக்கு, ப்ளூமிங்டனிலிருந்து

ப்ளூமிங்டன்,
அக்டோபர் 2024

அன்புள்ள சரவணா,

தமிழில் எழுதுகிறேன். இங்கிலீஷில் மெசேஜ் போட்டால் "ஆல் குட் மா" என்று முடித்துவிடுகிறாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் வாசித்தாக வேண்டும், அந்த நேரமாவது எனக்குக் கிடைக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதுகொண்டே வந்தவன்தானே நீ. அந்தக் கூலி இப்போதாவது எனக்கு வரட்டும்.

இங்கே எல்லோரும் சுகம். ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடத்தான் யாரையும் கிட்டே சேர்க்க மாட்டேன் என்கிறாள், பெரியப்பா அதட்டினால்தான் கண்ணைத் திறக்கிறாளாம். அக்கா சிகாகோவிலிருந்து வந்துவிட்டுப் போனாள். உன்னைப் பற்றிக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அது அவளுக்கே தெரிந்ததுதான். முட்டியைப் பார்த்துக்கொள். பிரேஸ் போடாமல் பிராக்டிஸுக்குப் போகாதே.

போன வாரம் நானும் அப்பாவும் இண்டியானா பல்கலைக்கழக சாக்கர் டீமின் ஆட்டம் பார்க்க ஆம்ஸ்ட்ராங் ஸ்டேடியம் போனோம். நீ இல்லாமல் அங்கே போவது இப்போது பழகிவிட்டது. நம் வழக்கமான இடத்தில் யாரோ காலேஜ் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், அப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டு வரிசை மேலே ஏறிவிட்டார். ஸ்கோர் உனக்கே தெரிந்திருக்கும், நான் சொல்லவில்லை. உண்மையில் நான் பந்தைப் பார்த்ததைவிட பெஞ்சைப் பார்த்ததுதான் அதிகம். சப்ஸ்டிட்யூட் பையன்கள் மேலே கலர் பனியன் மாட்டிக்கொண்டு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன், உன் உயரம்தான் இருப்பான், குனிந்து ஷூ லேஸைக் கழற்றிக் கட்டினான். கொஞ்சம் ஓடினான். மறுபடி குனிந்து கழற்றிக் கட்டினான். கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவன் நிமிர்ந்தான். கடைசிவரை அவனைக் கூப்பிடவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு சைக்கிள் டிராக்கைத் தாண்டி ஒரு அம்மா போர்வையோடு நின்றார். அவன் போர்வையை வாங்கவில்லை, ஆனால் பக்கத்தில் நின்று ஏதோ பேசினான், சிரித்தான்கூட. எனக்கு அதைப் பார்க்க நன்றாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆச்சி இங்கே வந்திருந்தபோது கேட்டாளே, "கடிகாரம் ஏன் பின்னாலே போகுது, வெளியே போன பையன் எப்படித் திரும்ப உள்ளே வர்றான்" என்று. காலேஜ் சாக்கரில் அப்படித்தான் ஆச்சி என்று நீ விளக்கினாய். 45 நிமிஷத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும், முதல் பாதியில் வெளியே எடுத்தால் அந்தப் பாதி முழுக்கத் திரும்ப முடியாது, இரண்டாம் பாதியில் என்றால் ஒரு தடவை திரும்பி வரலாம். பத்து வயதில் அதையெல்லாம் என்ன தோரணையோடு சொன்னாய். இப்போது நீ ஆடும் காலேஜ் டீமிலும் அதே விதிதானே.

வீட்டில் உன் அறைச் சுவரை இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. இண்டியானா தேசியக் கோப்பையை ஜெயித்தது என்று நீ ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய வருஷங்கள் அப்படியே இருக்கின்றன. 1982, 1983, 1988, 1998, 1999, 2003, 2004, 2012. வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாய். எட்டு கோப்பை, சட்டையில் எட்டு நட்சத்திரம். நானும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் தெரியாத ஊரிலிருந்து வந்தவள், பாளையங்கோட்டையில் யாரிடமாவது இண்டியானா கோச் யேக்லி யார் என்று கேட்டால் முழிப்பார்கள். ஆனால் போன வாரம் அந்தச் சுவருக்கு முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது. தோற்ற ஃபைனல்களை நீ எழுதவே இல்லை. நான் எழுதுகிறேன், தப்பு இருந்தால் ஃபோன் பண்ணித் திருத்து. 1976, 1978, 1980, 1984, 1994, 2001, 2017, அப்புறம் கொரோனாவால் தள்ளிப்போய் 2021 மே மாதம் ஆடினார்களே, அந்த 2020 சீசன், கடைசியாக 2022. எண்ணிப் பார். ஒன்பது. ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் ஒன்று கூட. அமெரிக்காவிலேயே பெரிய காலேஜ் சாக்கர் டீம்களில் ஒன்று என்று நீ பள்ளியில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்ட டீமின் கணக்கு இது.

1976, 78, 80 மூன்றிலும் தோற்கடித்தது ஒரே டீம், சான் ஃபிரான்சிஸ்கோ. மூன்றாவது தடவை 4-3, அதுவும் எக்ஸ்ட்ரா டைமில். அதற்கும் முன்னால் ஜெர்ரி யேக்லி 1963-ல் இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் வெறும் கிளப் டீமைத்தான் நடத்தினார். 1973-ல்தான் பல்கலைக்கழகம் அதை வார்சிட்டி, அதாவது தன் அதிகாரபூர்வ டீம் ஆக்கியது. அப்புறம் 1982 ஃபைனல், டியூக்குக்கு எதிராக. எட்டு ஓவர்டைம், 159 நிமிஷம். இண்டியானாவின் இரண்டு கோலும் போட்டவன் கிரெக் தாம்சன், ஒரு டிஃபெண்டர். "டிஃபெண்டர் மா, ஃபார்வர்ட் இல்ல!" என்று நீ மினிவேனில் பின்சீட்டிலிருந்து கத்துவாய், நினைவிருக்கிறதா. நீயும் டிஃபெண்டர் என்பதால் அதில் உனக்குத் தனிப் பெருமை. நான் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் கத்துவாய். கண்ணாடி உடைந்த கதையை விடு.

முட்டி எப்படி இருக்கிறது? ஐஸ் வைக்கிறாயா? டிரெய்னரிடம் மறைக்காதே. டெய்ட்டனில் செய்த மாதிரி செய்யாதே, சரியா.

உனக்கு டாட் யேக்லி என்றால் 2012-ல் ஜார்ஜ்டவுனை 1-0 என்று ஜெயித்த கோச். எனக்கு அவர் வேறு ஆள். நான் அவரை ஒரு பிள்ளையாகத்தான் யோசிக்கிறேன், அவருக்கு என்னைவிட வயது அதிகமோ என்னவோ. 1991-லிருந்து 94 வரை அப்பா ஜெர்ரியின் டீமிலேயே ஆடினார். கடைசி வருஷம் ஃபைனல் வரை போய் வர்ஜீனியாவிடம் 1-0 தோல்வி. அப்பா கோச், மகன் ஆட்டக்காரன், இரண்டு பேரும் தோற்ற பக்கம். அன்று ராத்திரி அந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அந்த வீட்டு அம்மா என்ன சமைத்திருப்பார், யாரிடம் முதலில் பேச்சுக் கொடுத்திருப்பார். இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

பிறகு மகன் கொலம்பஸ் க்ரூ என்ற தொழில்முறை டீமுக்கு ஆடப் போனார், 2003-ல் உதவி கோச்சாகத் திரும்பி வந்தார். அதுதான் பெரியவரின் கடைசி வருஷம். ஆரம்பத்தில் அந்த டீம் தடுமாறியது, முதல் எட்டு ஆட்டத்தில் இரண்டுதான் வெற்றி. அப்படியிருந்தும் டிசம்பரில் செயின்ட் ஜான்ஸை 2-1 ஜெயித்து அவருக்கு ஆறாவது கோப்பையைக் கொடுத்து அனுப்பினார்கள். 544 வெற்றி அவர் பெயரில். ஆனால் அவர் போனதும் நாற்காலி மகனுக்கு வரவில்லை. மைக் ஃப்ரைடாக் வந்தார், அவரும் பெரியவரிடம் ஆடியவர்தான், 2004 கோப்பை அவருடையது. மகன் உதவியாளராகவே பல வருஷம் இருந்து, விஸ்கான்சினுக்குப் போய் ஒரு சீசன் நடத்தி, 2010-ல்தான் இங்கே தலைமை கோச் ஆனார். அப்பாவின் பெயர் வைத்த மைதானத்தில் நின்று வேலை பார்க்கிறார். ஜெர்ரி யேக்லி ஃபீல்ட் என்று எழுதியிருப்பதைத் தினமும் பார்க்க வேண்டும், பாவம். நல்ல வேளை, உன் அப்பா பெயரில் நாட்டில் ஒரு மைதானமும் இல்லை. உனக்கு அந்தப் பாரம் கிடையாது. நீ எதை நினைத்து எங்களிடம் பேசத் தயங்குகிறாய் என்று எனக்குப் புரியத்தான் மாட்டேன் என்கிறது.

சொல்லிவிட்டேன். இனிச் சுற்றி வளைத்துப் பிரயோஜனம் இல்லை.

லேபில் சென்ட்ரிஃப்யூஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது எனக்கு வேலை இருக்காது, அப்போது உங்கள் டீம் பக்கத்தைத் திறந்து பாக்ஸ் ஸ்கோர், அதுதான் யார் யார் ஆடினார்கள் என்ற கணக்கு, பார்ப்பேன். நீ ஆடாத நாளிலும் பார்ப்பேன். செப்டம்பர் நடுவிலிருந்து உன் பெயர் வரவில்லை. சரி, ரெட்ஷர்ட் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். அதைப் பற்றித் தேடிப் படித்தும் வைத்தேன்: பிராக்டிஸ் எல்லாம் உண்டு, மேட்ச் கிடையாது, அந்த வருஷம் கணக்கில் சேராது, ஐந்து வருஷத்தில் நான்கு சீசன் ஆடலாம். நல்லதுதான், முட்டிக்கு ஓய்வு என்று அப்பாவிடமும் சொன்னேன். ஆனால் ரெட்ஷர்ட் என்றால் ரோஸ்டரில், அதாவது டீம் பட்டியலில், பெயர் இருக்குமே. போன செவ்வாய்க்கிழமை ரோஸ்டரைத் திறந்தேன். 18-ஆம் நம்பர் அந்த மின்னசோட்டா பையன். அதற்கு அடுத்து 20. நடுவில் யாரும் இல்லை. உன் போட்டோவும் இல்லை, அந்த நீலச் சட்டையில் சிரிக்காமல் நிற்பாயே, அது. பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணினேன். ஃபோனிலும் பார்த்தேன். டைப் பண்ணுகிறவர்கள் விட்டிருப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். இப்போதும் அப்படி இருக்கலாம்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் பார்த்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தானாகவே வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அதனால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பணத்தை நினைத்துத்தான் வாயைத் திறக்காமல் இருக்கிறாய் என்றால் அதை முதலில் விடு. நீ கையெழுத்துப் போட்டபோது காலேஜ் விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்னில் ஆண்கள் சாக்கருக்கு ஒரு டீமுக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப்தான் இருந்தது, அதை இருபது முப்பது பையன்களுக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள் என்பது எங்களுக்கு அன்றே தெரியும். உனக்குக் கிடைத்தது கால் பங்கு. முக்கால் பங்கை இரண்டு வருஷமாக நாங்கள்தான் கட்டுகிறோம், அந்தக் கால் பங்கையும் சேர்த்துக் கட்டினால் வீடு மூழ்கிவிடாது. அடுத்த வருஷம் ஊருக்குப் போவதைத் தள்ளிப்போடுவோம், ஆச்சி திட்டுவாள், அவ்வளவுதான். நீ அங்கே படிக்கத்தான் போனாய். இல்லை, ஆடத்தான் போனாய், எனக்குத் தெரியும். 2022 ஃபைனலை சிராக்யூஸிடம் பெனால்டியில் 7-6 என்று விட்ட ராத்திரி, ஹாலில் குஷனைக் கட்டிக்கொண்டு, "நான் காலேஜில் ஆடியே தீருவேன்" என்றாய். பள்ளிக் கடைசி வருஷம். அதை மறந்துவிட்டு "படிப்புதானே முக்கியம்" என்று சொல்கிற அம்மா நான் இல்லை.

ஆனாலும் கோபம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து இண்டியானாபோலிஸ் வரை எத்தனை வருஷம் ஓட்டியிருப்பேன். பனியில் வைப்பர் உறைந்து நின்றதெல்லாம் உனக்கே தெரியும். அதற்குக் கணக்குக் கேட்கவில்லை. ஆடினாயா, ஜெயித்தாயா என்றும் கேட்கவில்லை. நடந்தது என்ன என்று ஒரு வெப்சைட் சொல்லித் தெரிந்துகொள்ளும்படி என்னை வைக்காதே என்றுதான் கேட்கிறேன். நீயே விலகினாயா, அவர்கள் விலக்கினார்களா, முட்டியா, வேறு ஏதாவதா. எதுவாக இருந்தாலும் சரி. வேறு காலேஜுக்கு மாறும் யோசனை இருந்தாலும் சரி, போர்ட்டல், அது இது என்று அக்கா ஏதோ சொன்னாள், எனக்குப் பாதி புரிந்தது. நீ சொன்னால் முழுதும் புரியும்.

அந்த ஊரில் பேசுவதற்கு யாராவது இருக்கிறார்களா? உன் ரூம்மேட் டீம் பையன்தானே. இப்போதும் அதே ரூமில்தான் இருக்கிறாயா? ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடு. மெஸ் மூடிவிட்டது என்று சீரியலைக் கொட்டித் தின்னாதே, ரைஸ் குக்கரை அதற்குத்தான் கொடுத்து அனுப்பினேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு வருகிறாய்தானே. முன்னே எல்லாம் டீம் பிளே-ஆஃப் வந்தால் வர முடியாது என்பாய், டிக்கெட் எடுக்கவே விடமாட்டாய். இந்தத் தடவை புதன்கிழமை மத்தியானம் ஒரு ஃப்ளைட் இருக்கிறது, விலை இந்த வாரம் வரைக்கும்தான் குறைவு. அப்பா ஏர்போர்ட்டுக்கு வருவார். வழியெல்லாம் அவர் ஒன்றும் கேட்கமாட்டார், அதற்கு நான் பொறுப்பு. எடுக்கவா வேண்டாமா, வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடு. பெரிய பதிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு: பார்சலில் நார்த்தங்காய் ஊறுகாயும் முட்டிக்குத் தடவ அந்தப் பச்சைத் தைலமும் வைத்திருக்கிறேன். தைலத்தைத் தனிக் கவரில் சுற்றியிருக்கிறேன், ஊறுகாயோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதே. பிரேஸ் பெல்ட் பிய்ந்திருந்தால் சைஸ் அனுப்பு, புதிதாக வாங்கிப் போடுகிறேன்.