சான் ஏஞ்சலோவிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். நீங்கள், சித்தி, பிள்ளைகள், கிடையில் இருக்கும் ஆடுகள் எல்லாம் நலம்தானே? போனில் பேசும்போது "அந்த இருட்டுல பாக்குற மெஷின் ஒண்ணு நமக்கும் அனுப்பி விடுப்பா" என்று கேட்டீர்கள். லைன் அடிக்கடி அறுந்துபோனதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதியே அனுப்புகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், ராத்திரி கிடையில் உட்கார்ந்து தம்பியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இது மேற்கு டெக்சாஸ். வானளாவிய கட்டடம் எல்லாம் இங்கே தேடக் கூடாது. சப்பாத்திக்கள்ளியும் மெஸ்கீட் மரமும்தான் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. மெஸ்கீட் நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி, அதே முள், அதே நெற்று, ஆடு அதே ஆசையோடு தின்னும். முதல் நாள் பார்த்தபோது முதுகுளத்தூர்ப் பக்கம்தான் வந்துவிட்டோமோ என்றிருந்தது. இந்த நாட்டிலேயே பெரிய செம்மறி, வெள்ளாட்டுச் சந்தை இந்த ஊரில்தான். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் பெரியவர் டார்ப்பர் என்ற செம்மறி வளர்க்கிறார். கம்பளி ரோமம் அதிகம் கிடையாது, நம் ராமநாதபுரம் வெள்ளை மாதிரி. தலை மட்டும் கறுப்பு, உடம்பு நல்ல கனம்.

இங்கே ஆட்டுக்கு எமன் கயோட்டி. நம் நரிக்கும் நாய்க்கும் நடுவே ஒரு உருவம், 10 முதல் 20 கிலோ வரை இருக்கும். குட்டியின் தாடைக்குக் கீழே தொண்டையைக் கவ்வி மூச்சை அடக்கிவிடும், காலையில் பார்த்தால் கழுத்தில் இரண்டு பல் ஓட்டை, உள்ளே தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கும். தெருநாய் கடித்த ஆடு அங்கங்கே கிழிந்து கிடக்கும், அதை வைத்தே பெரியவர் எது கடித்தது என்று சொல்லிவிடுவார். ஒரு காலத்தில் வலைக்கம்பி வேலி அடித்து, கண்ணி வைத்து, இந்தப் பக்கத்தில் கயோட்டி என்பதே கிட்டத்தட்ட இல்லாமல் செய்திருந்தார்களாம். அப்புறம் ஆட்டுப் பண்ணைகள் குறைந்தன. 1942இல் நாடு முழுக்க 5.6 கோடி செம்மறி, இப்போது சுமார் 50 லட்சம்தான். வேலியைப் பார்க்க ஆள் இல்லை, கயோட்டி திரும்ப வந்துவிட்டது.

அதனால் குட்டி போடும் காலத்தில் ராத்திரி காவலுக்குப் போகிறோம். துப்பாக்கி அவர் கையில், நீங்கள் கேட்ட அந்த இருட்டில் பார்க்கும் மெஷின் என் கையில், தெர்மல் என்று சொல்வார்கள். உங்களுக்குச் சொல்ல வந்ததே இதுதான் சித்தப்பா, சுடுவது கடைசி வேலை, பார்ப்பதுதான் முழு வேலை.

நீங்கள் நினைக்கிற மாதிரி அது வெளிச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி இல்லை. உடம்புச் சூட்டைக் காட்டும் கருவி. சூடாக இருக்கிற எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிரை விடுகிறது, அதை உள்ளே இருக்கும் சென்சார் வாங்கிப் படமாக்குகிறது. நிலா வேண்டாம், டார்ச் வேண்டாம், அமாவாசையிலும் அப்படியே தெரியும். ஆனால் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது, அந்தச் சூட்டுக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. அதனாலேயே அதன் லென்ஸை ஜெர்மேனியத்தில் செய்கிறார்கள், விலையும் அதனால்தான் எகிறுகிறது.

வெயில் இறங்கிய கொஞ்ச நேரத்துக்குப் பாறை எல்லாம் வெள்ளையாக மின்னும், பகல் சூடு அதற்குள் இருக்கும். எது பாறை, எது படுத்திருக்கும் ஆடு என்று பிரிக்கவே முடியாது. இரவு ஏற ஏற பாறை கறுத்துப்போகும், உயிருள்ளது மட்டும் வெள்ளையாக நிற்கும். முயல் வந்தால் காது இரண்டும் தனியாகத் தெரியும். நடுநடுவே கருவிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம், படம் ஒரு நொடி உறைந்து திரும்ப வரும், தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. மூடுபனி, மழை என்றால் எல்லாம் கஞ்சித் தண்ணீர் மாதிரிக் கலங்கிவிடும், அன்றைக்குப் போவதில்லை.

பெட்டியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தெரியும் என்று போட்டிருப்பான். தெரியும், ஒரு வெள்ளைப் புள்ளியாக. அது கயோட்டியா, கன்றுக்குட்டியா, பக்கத்துப் பண்ணை நாயா என்று சொல்ல அதில் கால்வாசித் தூரத்துக்குள் வரவேண்டும். மந்தையோடு கிரேட் பிரனீஸ் என்ற பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் இருக்கின்றன. தெர்மலில் நிறம் கிடையாது, அந்த வெள்ளை நாயும் கயோட்டியும் தூரத்தில் ஒன்றுதான். வாலையும் நடையையும் பார்க்கச் சொன்னார் பெரியவர். நாய் உஷாரானால் வால் முதுகுக்கு மேல் சுருண்டு நிற்கும். கயோட்டி வாலைத் தொங்கவிட்டு ஒரே சீரான ஓட்டநடையில் வரும். நான் "உறுதி" என்று சொல்கிறவரை அவர் துப்பாக்கியைத் தூக்கமாட்டார். துப்பாக்கியின் மேலேயே குறிபார்க்க ஒரு தெர்மல் ஸ்கோப் தனியாக உண்டு, ஆனால் அதை வைத்து நாலாபக்கமும் தேடக் கூடாது என்பதில் அவ்வளவு கறார். ஸ்கோப்பைத் திருப்பினால் குழலும் கூடவே திரும்புகிறது, எதிரே இருப்பது மனிதனாகவும் இருக்கலாம் இல்லையா? எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததே இந்த ஒரு விஷயத்தால்தான்.

மற்ற சாமான்கள் கொஞ்சம்தான். கையில் பிடித்துப் பார்க்கும் தெர்மலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வோம், துப்பாக்கிக்கு முக்காலி. அடிபட்ட முயல் கத்துகிற மாதிரி சத்தம் போடும் ரிமோட் ஸ்பீக்கரைக் கொஞ்சம் தள்ளி வைப்போம், கயோட்டியின் கவனம் நம் மேல் விழாது. சத்தம் கேட்டு வந்தாலும் நேராக வராது, சுற்றிப்போய், நம் பக்கமிருந்து காற்று போய்ச்சேரும் பக்கத்தில் நின்று மோப்பம் பிடிக்கும், அதனால் அந்தப் பக்கத்தைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும், மாற்றுப் பேட்டரியைச் சட்டை உள்பையில் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்வோம். சிவப்பு வெளிச்சம் தரும் தலைவிளக்கு. வெயில் காலமானால் பாம்புக் கடிக்குத் தாங்கும் முழங்கால் உறை, இங்கே கிலுகிலுப்பைப் பாம்பு நிறைய. டெக்சாஸில் கயோட்டிக்கு வேட்டைத் தடைக்காலம் என்று எதுவும் இல்லை, இருந்தாலும் ஆட்டுக்கு அருகே வராததை அவர் விட்டுவிடுவார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஸ்கோப் அனுப்ப வழியே இல்லை. இந்த நாட்டிலிருந்து அதை வெளியே கொண்டுபோக அரசு உரிமம் வேண்டும், கையில் பிடித்துப் பார்க்கும் தெர்மலிலும் நல்ல ரகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அதோடு ஆடு பிடிக்க வந்தாலும் நரி மேல் நம் ஊரில் கை வைக்கக் கூடாது, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, நீங்கள் வழக்கு வாய்தா என்று அலைவதை நான் பார்க்க முடியாது.

அதற்குப் பதில் சோலாரில் ஓடும் மின்னும் விளக்கு நாலு அனுப்புகிறேன். நிறம் மாறி, நேரம் மாறி, ஒழுங்கில்லாமல் மின்னும், யாரோ டார்ச்சோடு நடக்கிறார்கள் என்று நரி நினைத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் நரிக்காகவே செய்தது, நேபாளத்தில் பனிச்சிறுத்தைக்கும் கட்டுகிறார்கள். ஒரே இடத்தில் கட்டிவைத்தால் பழகிவிடும், நீங்கள் கிடையை மாற்றும்போதெல்லாம் விளக்கையும் உயரம் மாற்றி, மூலை மாற்றிக் கட்டுங்கள். நம் மண்டை ஜாதிக் காவல் நாய் இரண்டையும் அவிழ்த்தே விடுங்கள், விளக்கு வந்துவிட்டது என்று கட்டிப்போடவேண்டாம்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்து அனுப்புகிறேன், பரமக்குடியில் வாங்கிக்கொள்ளலாம். அப்போது கிடை எந்த ஊர் வயலில் இருக்கும் என்று தம்பியிடம் சொல்லி வாட்ஸாப்பில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
முத்து