முருகேசா, உன் கால் அளவு என்ன?

கோரேகாவ் கிழக்கு, மும்பை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். இவள் அன்றைக்கே தங்கச்சிக்கு போன் போட்டு நகை, புடவை, சமையல்காரர் வரைக்கும் பேசி முடித்துவிட்டாள். எனக்கென்று மிச்சம் இருந்தது நீ கடைசியில் எழுதியிருந்த வரிகள்தான்: "உங்க பக்கம் சிறுத்தை நடமாடுதாமே, ரிட்டயர் ஆனவனுக்கு அங்க என்ன வேலை, பேசாம ஊருக்கு வந்துரு."

நடமாடுவது உண்மைதான். சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்தக் காட்டிலும் அதை ஒட்டிய ஆரே பால் காலனியிலுமாகச் சுமார் 50 சிறுத்தைகள் இருக்கின்றன. சுற்றிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள். பக்கத்து சொசைட்டி வாட்ச்மேன் சிசிடிவியில் விழுந்த சிறுத்தையைத் தன் வீட்டு மாட்டைக் காட்டுவதுபோல் எல்லோருக்கும் காட்டுவார். ஒரு காலத்தில் நிலைமை மோசமாக இருந்தது. 2004 ஜூனில் அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். வேறு இடங்களில் பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று வித்யா ஆத்ரேயா போன்ற ஆய்வாளர்கள் சொன்னார்கள். பழகிய இடத்தை விட்டுப் பெயர்த்தால் மனுஷனுக்கே மூளை குழம்புகிறது, அது பாவம் என்ன செய்யும்? அப்புறம் தாக்குதல் வெகுவாகக் குறைந்தது, ஆனால் நின்றுவிடவில்லை. 2022 தீபாவளி அன்று ஆரேயில் ஒன்றரை வயதுகூட ஆகாத குழந்தை ஒன்றைச் சிறுத்தை கொன்றது. அதனால் இருட்டியபின் பிள்ளைகளைத் தனியே வெளியே விடுவதில்லை, குப்பையைத் திறந்து போடுவதில்லை. குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும்.

இந்த நாய் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இங்குள்ள சிறுத்தைகளின் சாப்பாட்டில் தெருநாய்க்குப் பெரிய பங்கு. அவை நாய்களைத் தின்பதால் பூங்காவைச் சுற்றி நாய்க்கடி குறைந்திருக்கிறது, அதனால் மனித உயிர்கள் தப்புகின்றன என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. வெறிநாய்க்கடி நோயால் உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. கடித்த உடனே சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, தடுப்பூசி போட ஓடினால் அத்தனையும் தடுக்கக்கூடிய சாவுகள். ஆனால் நாயைப் பார்த்து எவன் ஊரைக் காலி பண்ணுகிறான்?

இங்கே நான் உண்மையில் பயப்படுவது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு இந்த நகரத்தில் நல்ல தண்ணீரில்தான் முட்டை போடுகிறது. தொட்டி மூடி கொஞ்சம் விலகியிருந்தால் போதும். உலகக் கணக்கில் மலேரியா வருஷத்துக்கு 6 லட்சம் பேரைக் கொல்கிறது, பெரும்பாலும் ஆப்பிரிக்காவில், அதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை. எல்லாரும் பயப்படுகிற சுறாவால் சாகிறவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் பெரும்பாலான வருஷங்களில் பத்தைத் தாண்டுவதில்லை.

அப்புறம் எலி. 2005 ஜூலை 26 உனக்கு ஞாபகம் இருக்கும், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்தபின் எலிக்காய்ச்சல் வந்து பலர் செத்தார்கள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாக உள்ளே போனாலே போதும். இப்போதும் மழைக்காலத்தில் வெள்ளத்தில் நடந்து வந்தவர்கள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை போட்டுக்கொள்ளும்படி மாநகராட்சி சொல்லும். நான் போட்டுக்கொள்வேன்.

சரி, என் பாடு இவ்வளவுதான். உன் பாட்டுக்கு வருகிறேன். ராத்திரி மடை திறக்க வயலுக்குப் போகிறேன் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறாய். செருப்போடுதானே? டார்ச் எடுத்துப் போகிறாயா? உன்னை எனக்குத் தெரியும், வெறுங்காலோடுதான் போவாய். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். யானையால் இறப்பவர்கள் ஐந்நூறு பேர் அளவில். பாம்புக்கடியில் செத்தவர்களில் மும்பை அடுக்குமாடிக்காரன் எத்தனை பேர் இருந்திருப்பான்? எல்லாம் உன்னைப்போல வரப்பில் நடந்தவர்களும் தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களும்தான். நெல் இருந்தால் எலி, எலி இருந்தால் கண்ணாடி விரியன். கட்டுவிரியன் அதைவிட மோசம். தூக்கத்தில் கடிக்கும், வலியும் பெரிதாகத் தெரியாது, தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்தால் கண் இமை தொங்கும். சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவான்.

அதனால் கட்டிலில் படு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடு. கொசுவுக்கும் ஆச்சு, கட்டுவிரியனுக்கும் ஆச்சு. எதாவது கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் நேரே அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரி, அங்கிருந்து அனுப்பினால் திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரி. பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டிய அவசியமில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான் போடுகிறார்கள். அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். 1978இல் தொடங்கியது. நம்மூர் ஆட்கள் எடுத்துக் கொடுத்த விஷத்தில் நாடே பிழைக்கிறது, நீ மட்டும் மந்திரிக்கிறவரைத் தேடிப் போகாதே.

கல்யாணத் தேதி முடிவானதும் உடனே எழுது. ரயில் முன்பதிவை இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறார்கள், தை மாதம் என்றால் பொங்கல் கூட்டத்தோடு அடித்துக்கொள்ள வேண்டும். இங்கே மழைக்காலத்தில் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் கம்பூட்ஸ், முழங்கால் வரை வருவது, ஒரு ஜோடி உனக்கு வாங்கி வருகிறேன். போட்டுக்கொள்ள வெட்கப்படுவாய், தங்கச்சியிடம் சொல்லி மாட்டவைக்கிறேன். உன் கால் அளவு எட்டா, ஒன்பதா?

உன்,
பழனி