கைபம்பு போட்டால் போதாது, ஓடவும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கக் கிராமங்களில் குடிதண்ணீருக்குக் கைபம்பு போட நிதி கேட்டு வாட்ஸ்அப்பில் வரும் வேண்டுகோள்களுக்கு வேலூர், ஆம்பூர், மேல்விஷாரம் பக்கத்து ஆட்கள் தயங்காமல் கொடுக்கிறார்கள். பாலாறு வறண்டு, தோல் கழிவால் கரையோரக் கிணறுகளும் கெட்டு, கடைசியில் மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் வரவேண்டியிருந்த ஊர்கள் இவை. தண்ணீர்க் கஷ்டத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆனால் பம்பு போட மட்டும் கொடுக்காதீர்கள், ரிப்பேருக்கும் சேர்த்துக் கொடுங்கள். 2009-இல் வெளியான கணக்குப்படி சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் சுமார் மூன்றில் ஒரு கைபம்பு ஓடாமல் கிடந்தது. அங்கே பல நாடுகளில் இருப்பது நம் தெருமுனையில் நாம் அடித்த அதே இந்தியா மார்க் 2 பம்புதான், 1970களில் யுனிசெஃப் உதவியோடு இங்கே உருவாகி, கோவை பக்கம் சோதித்துப் பார்த்து, அப்புறம் கடல் தாண்டிப் போனது. உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்றுத்தான் வரும். அதை மாற்ற முக்காலி நட்டு, குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும், அதற்கு நாலைந்து ஆளும் வேலை தெரிந்த ஃபிட்டரும் வேண்டும். நமக்கு ஒன்றிய அலுவலகத்தில் நச்சரித்தால் ஆள் வரும். பக்கத்து டவுனுக்கே ஒரு நாள் பயணம் என்கிற ஊருக்கு யார் வருவார்கள்?

பம்பு நின்றால் பெண்கள் மறுபடி குட்டைக்குத்தான் போவார்கள். காலரா, வயிற்றுப்போக்கு ஒருபக்கம், காலைப் பொத்துக்கொண்டு புழு வெளிவரும் நரம்புச் சிலந்தி நோய் இன்னொரு பக்கம். இந்தியாவில் அது ஒழிந்ததாக 2000-இல் சான்று கிடைத்தது, சாட், தெற்கு சூடான் போன்ற நாடுகளில் அது இன்னும் முழுசாக ஒழியவில்லை.

ரிப்பேர் சுலபமாக வேண்டும் என்றே 1980களில் மலாவியிலும் கென்யாவிலும் ஆஃப்ரிடேவ் என்ற பம்பை உருவாக்கினார்கள். குழாயை இழுக்காமலே உள்பாகத்தை ஊர்க்காரர்களே எடுத்து மாட்டலாம். அருமையான வேலை, ஆனால் அதற்கும் வாஷர் கடையில் கிடைத்தால்தானே?

அதனால் பணம் அனுப்புவதற்கு முன் கேளுங்கள்: உதிரிபாகம் எங்கே கிடைக்கும், ரிப்பேர் பழகியவர் அந்த ஊரில் உண்டா, செலவுக்கு ஊரில் யார் பணம் சேர்க்கிறார்கள்? பளபளக்கும் புதுப் பம்பின் போட்டோ எனக்கு வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்ட பம்பில் இன்றைக்குத் தண்ணீர் வருகிற போட்டோவை யார் அனுப்புகிறாரோ, அவருக்குத்தான் நான் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்