ஸ்ரீவைகுண்டம்: வெள்ளம் வந்த ஆண்டு — நமது சங்கத்தின் 2023-24 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, பள்ளிப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

உறுப்பினர் சேர்க்கையில் தொடங்கி விழாக்கள், வரவு செலவு என்று வாசித்து முடிப்பது நம் சங்கத்தின் வழக்கம். இந்த ஆண்டு வெள்ளத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். நம் ஊரின் வரலாற்றை எழுதி வைக்க என்று கூடியவர்கள் நாம். நம் வாழ்நாளில் நாமே கண்ட இந்தப் பெரிய நிகழ்ச்சியை எழுதி வைக்காமல் பழங்கதை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், இந்தச் சங்கம் எதற்கு?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். கள்ளபிரான் கோயிலில் வைகுண்ட ஏகாதசிக்கு ஆறே நாள் இருந்தது. அன்று பிடித்த மழை விடவில்லை. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., நம் ஊரில் 62 செ.மீ. என்று கணக்குச் சொன்னார்கள். நம் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையே ஏறக்குறைய அவ்வளவுதான். மேலே மலையில் பெய்த மழை, அணைகளில் திறந்த தண்ணீர், காட்டாறுகள் எல்லாம் சேர்ந்து லட்சம் கன அடிக்கு மேல் தாமிரபரணியில் வந்தது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள்கூட, "அது ஆத்தோடு வந்தது, இது ஊரோடு வந்தது" என்றார்கள். ஏரல் பாலம் அறுந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் தண்ணீர் புகுந்தது. மின்சாரமும் செல்போனும் இல்லாமல், அக்கரையில் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கக்கூட வழியின்றி இருந்தோம்.

அந்த நாட்களில் நாடு முழுவதும் நம் ஊர்ப் பெயர் கேட்டதற்குக் காரணம் ரயில். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ், ஆற்றுக்குத் தெற்கே புதுக்குடியில் இருக்கும் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ஞாயிறு இரவு நிறுத்தப்பட்டது. அடுத்த நிலையத்துக்குப் போகும் வழியில் தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டி மேற்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினரைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் ரயிலிலேயே இருந்தார்கள். ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேரும் முன்பே புதுக்குடி மக்கள் வந்து சேர்ந்தார்கள். தங்கள் வீட்டில் மிஞ்சிய அரிசியையும் பருப்பையும் பத்திரகாளியம்மன் கோயிலுக்குக் கொண்டுவந்து, அங்கே சமைத்துப் பயணிகளுக்குப் போட்டார்கள். அவர்கள் வீடுகளிலும் தண்ணீர் நின்றது என்பதை மறந்துவிடக் கூடாது. சமைத்தவர்களில் சிலரிடம் பேசி நம் உறுப்பினர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த வீட்டிலிருந்து அண்டா வந்தது, ஈர விறகை எப்படிப் பற்ற வைத்தார்கள், குழந்தைகளுக்குப் பால் எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. செய்தித்தாள்களில் வந்ததைவிட இந்தப் பதிவு பெரியது. எனக்குத் தெரிந்து இந்த ஆண்டு நாம் செய்த மிக நல்ல காரியம் இதுதான்.

அடுத்து, தண்ணீர்க் குறி, அதாவது வீடுகளில் வெள்ளம் நின்ற உயரம், எடுத்த பணி. தண்ணீர் வடிந்ததும் ஊரில் எல்லாருக்கும் சேறு அள்ளுகிற வேலை. அந்த நேரத்தில் அளவு டேப்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது சரியா என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வெள்ளையடித்துவிட்டால் சுவரில் இருக்கும் கோடு போய்விடும். பொங்கலுக்கு முன்பே பலர் வெள்ளையடிப்பார்கள் என்பதால் காத்திருக்க முடியவில்லை. முதலில் ஒரு கை சேறு அள்ளிவிட்டு, பிறகு டேப்பைப் பிடியுங்கள் என்று இளைஞர்களிடம் சொன்னோம். அவர்களும் அப்படியே செய்தார்கள்.

வாசல் நிலைப்படியிலிருந்து சுவரில் படிந்த சேற்றுக் கோடு வரை அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டோம். தண்ணீர் எந்த நேரத்தில் வாசலுக்கு வந்தது, எந்தப் பக்கமிருந்து வந்தது, எப்போது இறங்கியது என்று வீட்டாரிடம் கேட்டு எழுதினோம். இந்த இரண்டாவது கேள்விதான் நம் கண்ணைத் திறந்தது. ஆற்றங்கரை ஊர்க்காரர்களான நாம் வெள்ளம் என்றால் ஆற்றுப் பக்கமே பார்க்கிறோம். பலர் சொன்னதோ வேறு: தண்ணீர் முதலில் வந்தது வாய்க்கால் பக்கத்திலிருந்து, கொல்லைப்புறமாக. முன்வாசலில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்கட்டில் அரிசி மூட்டை நனைந்துவிட்டது என்றார் ஓர் ஆச்சி. அடுத்த வெள்ளத்தில் எந்தத் தெரு முதலில் எழுந்து போக வேண்டும் என்பதை இந்தக் குறிப்புகளே சொல்லும். எந்த நிபுணரும் வெளியூரிலிருந்து வந்து நமக்கு இதைச் சொல்ல முடியாது.

பழைய வெள்ளங்களைப் பற்றி விசாரித்தபோது ஒன்று தெரிந்தது. 1992-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால், ஒரே தெருவில் மூன்று பேர் மூன்று உயரம் காட்டுகிறார்கள். அதற்கும் முந்தைய வெள்ளங்கள் "எங்க தாத்தா காலத்துல" என்பதோடு நின்றுவிடுகின்றன. கோயில் கல்வெட்டில் தானம் கொடுத்த நிலத்தின் நான்கு எல்லையையும் வாய்க்காலையும் விடாமல் வெட்டி வைத்த மண் இது. தண்ணீர் ஏறிய உயரத்தை மட்டும் நாம் வாய்மொழிக்கே விட்டுவிட்டோம். இனி அப்படி விட வேண்டாம் என்பதே இந்த அறிக்கையில் நான் வற்புறுத்த விரும்பும் ஒரே செய்தி.

நனைந்த ஆவணங்களைக் காப்பாற்றியதையும் இங்கே சொல்ல வேண்டும். பத்திரங்கள், கல்யாணப் படங்கள், கடைக் கணக்குப் புத்தகங்கள் என்று நிறைய வந்தன. வெயிலில் காயவைத்தால் தாள் சுருண்டு மொறுமொறுத்து உடைந்துவிடும் என்பதால், பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் செருகி, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்க்காமல் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு மெல்லப் பிரித்து, கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் படங்கள் வெறும் வெள்ளைத் தாளாக வந்தன. அந்த அம்மா அதையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

வெள்ளத்துக்கு முன்பு பள்ளிப் பிள்ளைகளை அணைக்கட்டுக்கு நடத்திக் கூட்டிப்போனோம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் நம்முடையதுதான் கடைசி. மற்றவை ஆங்கிலேயருக்கு முன்பே இருந்தவை. நம்முடையது 1873-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன் மருதூர் அணையைத் தாண்டிய தண்ணீரைத் தடுக்க ஆளில்லை, புன்னைக்காயலில் கடலுக்குப் போனது. அணைக்கட்டிலிருந்து வடகாலும் தென்காலும் பிரிந்து, இரண்டும் சேர்ந்து 25,560 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. வடகால் பெருங்குளம் வழியாகக் கோரம்பள்ளம் பக்கம் போகிறது. தென்கால் கடம்பாகுளத்தை நிறைக்கிறது. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். ஒரு குளத்தில் கரை பலமில்லை, உபரி நீர் வெளியேறும் கலுங்கு அடைத்துக் கிடக்கிறது என்றால், அந்த வினை கீழே உள்ள எல்லாக் குளத்துக்கும் போய்ச் சேரும். டிசம்பரில் அதைத்தான் கண்டோம். அன்று கேள்வி கேட்டுக்கொண்டே நடந்த பிள்ளைகளுக்கு இப்போது யாரும் அதை விளக்க வேண்டியதில்லை.

அணைக்கட்டில் மணலும் அமலைச்செடி என்னும் நீர்க்களையும் சேர்ந்து கொள்ளளவு குறைந்தது பழைய கதை. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு 2015-ல் தூர்வாரும் வேலை நடந்தது. தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் எடுக்கும் 20 எம்.ஜி.டி. (நாளொன்றுக்கு இரண்டு கோடி காலன்) திட்டம் பற்றி உறுப்பினர்களுக்குள் வலுவான கருத்துகள் உண்டு. கடைமடை விவசாயி கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் கேட்டுக் காத்திருக்கும்போது குழாயில் தண்ணீர் போவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். சங்கம் என்ற முறையில் நம்மால் ஆனது ஒன்று உண்டு. கார், பிசானம் என்ற இரண்டு பூவுக்கும் (நெல் பருவத்துக்கும்) எந்தத் தேதியில் தண்ணீர் திறந்தார்கள், எந்த மடைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று ஆண்டுதோறும் எழுதி வைப்பது. நீர்ப்பாய்ச்சி வேலை பார்த்த பெரியவர்களில் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். எந்த மடையை எவ்வளவு திறந்தால் எந்த வயலுக்கு எத்தனை நாழிகையில் ஏறும் என்பது அவர்கள் மனதில் மட்டுமே இருக்கிறது. அவர்களிடம் உட்கார்ந்து கேட்கும் வேலை பாதியில் நிற்கிறது. வெள்ளத்தில் வாழை சாய்ந்து, வயலில் மணல் மூடிக் கிடக்கும்போது அவர்கள் வீட்டில் போய்ப் பழங்கதை கேட்க மனம் வரவில்லை. இந்த ஆண்டு அதை முடித்தே ஆக வேண்டும்.

2023 ஆகஸ்டில் ஆதிச்சநல்லூரில் அகழாய்வுக் குழிக்கு மேலேயே கண்ணாடித் தளம் போட்டு அமைத்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உறுப்பினர்கள் குடும்பத்தோடு போய் வந்தார்கள். 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னைக்குப் போயின. முதுமக்கள் தாழி புதைந்த இடத்திலேயே தாழியைப் பார்க்க நமக்கு இத்தனை காலம் ஆயிற்று. சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக இந்த ஆற்றங்கரையில் நெல் விளைகிறது என்று பிள்ளைகளிடம் சொன்னால், அடுத்த கேள்வி உடனே வருகிறது: "அப்பவும் வெள்ளம் வந்திருக்குமா, அண்ணாச்சி?"

நம் ஊரில் பிறந்த புலவர் குமரகுருபரரின் விழா வழக்கம்போல நடந்தது. ஒப்பித்தல் போட்டியில் பெண் பிள்ளைகளே பெரும்பாலான பரிசுகளைப் பெற்றார்கள். மண்கோட்டைச் சுவரில் மிஞ்சிய பகுதிகளைப் படமெடுக்கும் திட்டம் மழையால் தள்ளிப்போயிற்று. மழைக்குப் பிறகு சுவர் இன்னும் கரைந்திருக்கும், ஆகவே அது அவசரம். கோட்டைக்குள் வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார் குடும்பத்தாரின் சம்மதமும் மரியாதையும் கெடாமல் அதைச் செய்ய வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்யும் பகுதிக்குப் பெண்கள் பொறுப்பேற்ற பிறகுதான் உயிர் வந்தது. படித்துறையில் யார் எந்தப் படியில் துவைப்பார்கள், எந்தச் சாதிக்கு எந்தத் துறை என்று ஒரு காலத்தில் இருந்த பிரிவினை எப்போது தளர்ந்தது, குழாய் வந்த பிறகு ஆற்றுக்குப் போவது எப்படிக் குறைந்தது என்று அவர்கள் கேட்டுக்கொண்டு வந்தார்கள். விடியலுக்கு முன் வாழையிலை அறுத்துக் கட்டுகிறவர்கள், தார் ஏற்றும் ஆட்கள், ஏரல் சந்தைக்குப் போய் வருகிறவர்கள் என்று பதிவு விரிகிறது. ஆறு எங்களுக்குச் சோறும் போட்டது, அவமானமும் தந்தது என்று ஒரு பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். இனிமையானதை மட்டும் எழுதினால் அது ஊர் வரலாறு ஆகாது.

நம் மூத்த உறுப்பினர்கள் சிலரை இவ்வாண்டு இழந்தோம். வெள்ளத்தில் உயிரிழந்த நம் வட்டாரத்து மக்களையும் சேர்த்து, அறிக்கை முடிந்ததும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். விழாச் செலவில் ஒரு பகுதியை வெள்ள நிவாரணத்துக்குத் திருப்பியதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும்.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். முதலாவது, எடுத்த அளவுகளை வைத்துத் தெருமுனைகளில் வெள்ளம் நின்ற உயரத்தைக் கல்லில் பொறித்து நட வேண்டும். பேரூராட்சியின் அனுமதி கேட்டு விண்ணப்பம் தயாராக இருக்கிறது. கோயில் மதில், பள்ளிச் சுவர், பேருந்து நிலையம் என்று எல்லாரும் பார்க்கிற இடமாக இருக்கட்டும். இரண்டாவது, பள்ளியில் ஒரு மழைமானி வைத்து, பிள்ளைகளே தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். ஆசிரியர்கள் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவது, 1992 வெள்ளப் படங்கள் யாரிடமாவது இருந்தால், அசலைத் தர வேண்டாம், ஒரு நாள் இரவல் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மறுநாளே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம். புகைப்படத்தில் சுவரோ தூணோ தெரிந்தால் போதும், தண்ணீர் உயரத்தை இப்போதும் கணக்கிட்டுவிடலாம்.

சேற்றில் நின்று அளந்த இளைஞர்களுக்கும், வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட ஊர் மக்களுக்கும், புதுக்குடி மக்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்