புதன்கிழமை வயிற்றுவலி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

பள்ளியின் அதிகாரப்பூர்வக் கடிதம் மலாய் மொழியில் ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருக்கும் (வரவில்லை என்றால் பிள்ளையின் பையை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள், அடியில் கசங்கிக் கிடக்கும்). இது அதன் மொழிபெயர்ப்பு இல்லை. நம் தமிழ்ப் பெற்றோரோடு கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. அதைத் தமிழில் எழுதினால்தான் எனக்குச் சரிப்படும்.

முதலில் நல்ல செய்திகள். பருவத் தேர்வு குழப்பமில்லாமல் முடிந்தது. கபடிக் குழுவும் பூப்பந்துக் குழுவும் மாவட்ட அளவில் நன்றாக ஆடின. நூலகத்துக்குச் சாயம் அடித்தாயிற்று, மண்டபத்துக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு இந்த முறை நாற்காலி போதவில்லை. எல்லாருக்கும் வாழ்த்துகள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புதன்கிழமை மதியம் 2.30க்குப் புறப்பாட நடவடிக்கை, அதாவது வகுப்புக்கு வெளியே விளையாட்டும் பயிற்சியும். புதன்கிழமை காலை என் மேசையில் கடிதங்கள். மகனுக்கு வயிற்றுவலி, மகளுக்குத் தலைசுற்றல், குடும்பத்தில் விசேஷம், பாட்டிக்கு உடம்பு முடியவில்லை. போன மாதம் மூன்று வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த கடிதங்களில் ஒரே நீல மை, ஒரே எழுத்துப்பிழை, ஒரே நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். கட்டொழுங்கு ஆசிரியர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் மற்ற கடிதங்கள் நீங்களே எழுதியவை, உங்கள் கையெழுத்துதான். அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிள்ளைகள் சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிடலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. கால்வலி என்று மூன்று வாரம் கடிதம் கொண்டுவந்த நான்காம் படிவத்துப் பையனைத் தைப்பூசத்தன்று பார்த்தேன். தோளில் உருமி மேளம், காலில் செருப்பு இல்லை, பக்கத்தில் அவனுடைய கூட்டாளிகள். அத்தனை கூட்டத்திலும் அடித்துக்கொண்டே வந்து, அப்புறம் நம் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறிவிட்டு இறங்கி வந்தான். என்னைக் கண்டதும் மட்டும் கொஞ்சம் நொண்டினான். இன்னொருவன் வயிற்றுவலிக்காரன், அன்று இரவே ஒன்பது மணிக்கு வாடகை ஃபுட்சால் திடலில் காசு கொடுத்து ஆடிக்கொண்டிருந்தான்.

ஆகவே உடம்பில் தெம்பு இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. அப்புறம் ஏன் பள்ளித் திடலுக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறார்கள்? இதை அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம், இரண்டே கேள்விகள்: எதற்கு வருகிறாய், எதற்கு வருவதில்லை.

உடல்நலத்துக்காக வருகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை. நாமோ எப்போதும் அதைத்தான் சொல்கிறோம். ஐந்து முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பை நன்றாக அசைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் 11 முதல் 17 வயதுக்காரர்களில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை, பெண்பிள்ளைகளில் 85 விழுக்காடு, பையன்களில் 78. எல்லாம் உண்மைதான், ஆனால் நாற்பது வயதில் வரப்போகும் நீரிழிவைச் சொல்லிப் பதினைந்து வயதுப் பிள்ளையை யாரும் ஓட வைத்ததில்லை.

அவர்கள் எழுதியது வேறு. காற்பந்துக்கும் கபடிக்கும் வருகிறவர்கள் எழுதியது "கூட்டாளி வர்றான்". கூட்டாளி நின்றால் இவனும் நின்றுவிடுகிறான், ஒருவர் கடிதம் கொடுத்தால் நான்கு பேர் குறைவதன் ரகசியம் இதுதான். பூப்பந்துக்கு வருகிறவர்களுக்குப் போன வாரம் வலையில் விழுந்த ஸ்மாஷ் இந்த வாரம் தாண்டிவிட்டதே என்ற சந்தோஷம் போதும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் மலேசிய இரட்டையர் ஜோடி தீனாவும் பெர்லி டானும் நான்காம் இடம் வரை போனபோது மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த பெண்பிள்ளைகள் நிறைய, ஆனால் அதில் இன்றைக்கும் வருகிறவர்கள் சேர்ந்து ஆட ஒரு ஜோடி கிடைத்தவர்கள்தான். ஐந்தாம் படிவத்துப் பையன்கள் எடை தூக்குவது கை பெருக்கத்தான், அதை மறைக்கவும் இல்லை. ஆறு வாரத்தில் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் காணாமல் போய்விடுகிறார்கள். சிலம்பத்துக்கு வரும் பெண்பிள்ளை ஒருத்தி, "யாரும் என்னைக் கடைசியாகக் குழுவில் எடுக்க மாட்டார்கள், என் கம்பு என் கையில்" என்று எழுதியிருந்தாள். தனியாகத் திடலைச் சுற்றி ஓடும் ஒரு பிள்ளை எழுதியது: "ஓடும்போது யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள்." அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டெசி, ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: தானே தேர்ந்தெடுத்தது, தன்னால் முடிகிறது என்ற நம்பிக்கை, கூட ஆள் இருக்கிறது என்ற உணர்வு. இந்த மூன்றும் இருந்தால் பிள்ளை யாரும் தள்ளாமலே வரும். பரிசும் மதிப்பெண்ணும் மிரட்டலும் கொஞ்ச தூரம்தான் இழுக்கும்.

இதில் எங்கள் பக்கமும் தப்பு உண்டு. சபைகூடலில் நானே எத்தனை தடவை "பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 கல்விக்கு, 10 புறப்பாடத்துக்கு, அந்தப் பத்தை விடாதீர்கள்" என்று முழங்கியிருக்கிறேன்! பலன் என்ன, வருகைப் பதிவில் பெயரைப் போட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து கைப்பேசி நோண்டும் கூட்டம் ஒன்று உருவானது. தேர்வு நெருங்கினால் உடற்கல்விப் பாட வேளையைக் கணக்குக்கு இரவல் வாங்குவதும் நடந்தது, இனி நடக்காது. செகாக் என்ற உடல்தகுதிச் சோதனையின்போது எடையை வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகப் படித்திருக்கிறோம். எடை குறைந்த பையனுக்கும் அது அவமானம், கூடிய பெண்ணுக்கும் அவமானம். இப்போது திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராக அழைத்து, ஆசிரியர் மட்டும் எழுதிக்கொள்கிறார்.

இனி உங்கள் பக்கம். வராததற்குப் பெண்பிள்ளைகள் எழுதிய காரணங்களில் என்னை உறுத்தியது "அம்மா கறுத்துப் போவேன் என்கிறார்". இரண்டாம் படிவத்துப் பிள்ளை ஒருத்தி பினாங்கு வெயிலில் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை. கேட்டால் குளிர்கிறது என்கிறாள். தாய்மார்களே, வெயிலும் நம் நிறமும் ஒருவருக்கொருவர் புதிதா? அவளுக்கு ஆட ஆசை இருக்கிறது, யாராவது பார்ப்பார்களே, பார்த்து ஏதாவது சொல்வார்களே என்பதுதான் பயம். அதில் முதல் சொல் வீட்டிலிருந்து வர வேண்டாம். நீளக் கைச் சட்டையும் கறுப்பு நீளக் காற்சட்டையும் அணியலாம், சிலம்பமும் ஆடற்பயிற்சியும் இனி மண்டபத்துக்குள் நடக்கும்.

அடுத்தது டியூசன். புதன் மதியம் மூன்று மணிக்கு வகுப்பு வைக்கும் மையத்திடம் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள், கேட்டால் மாற்றுகிறார்கள். விளையாடினால் படிப்பு கெடும் என்று என்னிடம் சொன்ன அப்பாவுக்கு நம் மலேசிய ஓட்டக்காரர் டாக்டர் ஜெகதீசனை நினைவுபடுத்தினேன். 1964, 1968 ஒலிம்பிக் இரண்டிலும் 200 மீட்டர் அரையிறுதி வரை ஓடியவர், 1966 ஆசியப் போட்டியில் மூன்று தங்கம், படித்தது மருத்துவம். எல்லாப் பிள்ளையும் அப்படி ஆகப்போவதில்லை, ஆகவும் வேண்டாம். மதியம் இரண்டு மணிநேரம் ஓடியதால் ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் தோற்றேன் என்று சொன்ன பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். வரும் புதன்கிழமையிலிருந்து வெறும் கடிதம் செல்லாது. உடம்பு சரியில்லை என்றால் கிளினிக் எம்.சி. (மருத்துவச் சான்றிதழ்), வேறு காரணம் என்றால் வகுப்பாசிரியருக்கு உங்கள் குரலில் ஒரு அழைப்பு. 4.30க்கு முன் வாசலில் கார் வந்து நின்றாலும் பிள்ளை வெளியே வராது, ஹார்ன் அடிக்க வேண்டாம். நீங்களே பொய்க் கடிதம் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, "இப்பல்லாம் என்கிட்டயே பொய் சொல்றான் சார்" என்று பருவக் கடைசியில் என் அறைக்கு வந்து வருத்தப்பட்டால் நான் என்ன பதில் சொல்வது?

கோபமாக எழுதிவிட்டேனோ என்னவோ. உண்மையான காரணம் உள்ளவர்கள் கலங்க வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் சொல்லுங்கள், ஆசிரியருக்குத் தெரிந்திருக்கட்டும். மாதவிடாய் நாளில் உட்கார்ந்திருக்கலாம், அதற்குத் தலைசுற்றல் என்று வேறு பெயர் வைக்கத் தேவையில்லை, ஆசிரியையிடம் ஒரு வார்த்தை போதும். வயிற்றுவலி என்று வந்த ஒரு கடிதத்துக்குப் பின்னால் அடிப்பாகம் பிய்ந்து ரப்பர் வளையம் போட்ட சப்பாத்துதான் இருந்தது. பிய்ந்த சப்பாத்தோடு மற்றவர்கள் முன் ஓட அவனுக்கு வெட்கம். சப்பாத்து பிரச்சினை என்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், வேறு யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம்.

எந்த விளையாட்டு என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். அண்ணன் காற்பந்து ஆடினான் என்பதற்காகத் தம்பியைத் தள்ளாதீர்கள். மூன்று வாரம் வந்து பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் "ஜெயிச்சியா" என்று கேட்பதற்குப் பதில் "யார் கூட ஆடினே" என்று கேட்டுப் பாருங்கள், நிறையப் பேசுவார்கள்.

ஒவ்வொரு புதனும் தர்பூசணி வெட்டி ஐஸ்பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் தாய்மார்களுக்கும், சொல்லாமலே வந்து வலையை முடிந்து கொடுத்துவிட்டுப் போன அப்பாவுக்கும், பேத்தி சிலம்பம் முடிக்கும் வரை படிக்கட்டில் காத்திருந்து இரண்டு பஸ் மாறிக் கூட்டிப் போகும் அந்தப் பாட்டிக்கும் நன்றி. இவ்வளவு நீளக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்ததற்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: மண்டபத்து மேடைக்குப் பின்னால் பதினொரு தண்ணீர்ப் போத்தல்களும் ஒரு இடது கால் சப்பாத்தும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.