அண்ணாவுக்கு, அந்த எடிஸ்டோ ராத்திரி பற்றி

அண்ணா,

நாளை மறுநாளோடு அண்ணி போய் ஒரு வருஷம். போனில் பேசினால் நடுவிலேயே இரண்டு பேரில் ஒருவர் வைத்துவிடுவோம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தென் கரோலினாவில், எடிஸ்டோ தீவில் அண்ணியின் பெரியம்மா வீட்டு வராந்தா. இறாலும் சோளக்குருணைக் கஞ்சியும் வந்தன. அடிமைகளாக இருந்து விடுதலையான தன் முன்னோர் உழுத நிலம் எப்படிக் கைவிட்டுப் போனது என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்து, "விடுதலை கிடைச்சு நூத்தம்பது வருஷம் ஆச்சே, இன்னுமா அதையே பேசணும்?" என்றேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. என் தட்டில் இன்னும் நாலு இறால் எடுத்து வைத்தார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் அண்ணா. பள்ளிக்கூடத்தில் லிங்கன் வந்தார், அடிமைத்தனம் ஒழிந்தது, அடுத்த பாடம். நீதான் அங்கேயே இருந்தவன். எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டிப்போயிருக்கலாமே.

அண்ணி போன பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்திய ஷெர்மன் தளபதியின் உத்தரவு, சார்ல்ஸ்டனுக்குத் தெற்கே கடலோர நிலத்தை விடுதலையான அடிமைகளுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கியது. சில மாதங்களுக்குள் சுமார் 40,000 பேர் குடியேறி உழுதார்கள். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் போரில் தெற்கின் பக்கம் நின்ற பழைய முதலாளிகளை மன்னித்து, நிலத்தையும் அவர்களுக்கே திருப்பினார். அக்டோபரில், விடுதலையானவர்களுக்கான அரசு அமைப்பின் தலைவர் ஹோவர்ட் தளபதி எடிஸ்டோவுக்கு வந்து, ஒரு தேவாலயத்தில் அதைச் சொன்னபோது கூட்டம் கொந்தளித்தது. ஒரு பெண் சோகப்பாட்டு ஒன்றை எடுத்தாள், எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவனையா மன்னிக்கச் சொல்கிறீர்கள் என்று தீவுக்காரர்கள் பிறகு அவருக்கு எழுதினார்கள். பெரியம்மா அன்று சொல்ல வந்தது இதைத்தான். நான் விடவில்லை.

நிலம் போனவர்கள் பழைய எஜமானிடமே விளைச்சலில் ஒரு பங்குக்கு உழுதார்கள். விதைக்கும் மளிகைக்கும் வாங்கிய கடனுக்கு, இன்னும் விளையாத பருத்தியே அடமானம். ஓட்டு வந்தது. 1868-ல் தென் கரோலினா சட்டமன்றக் கீழவையில் கறுப்பர்களே பெரும்பான்மை. பொதுப் பள்ளிகள் வேண்டும் என்று புது அரசியல் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் சோறு எஜமான் கையில் இருக்கும்போது ஓட்டை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது. 1877-ல் கூட்டாட்சிப் படை விலகியது, 1895-ல் வந்த அரசியல் சட்டம் ஓட்டையும் பறித்தது. வாஷிங்டன் நகரில் 1862-லேயே விடுதலை கொடுத்தபோது தலைக்கு 300 டாலர் வரை இழப்பீடு உண்டு. வாங்கியது அடிமை வைத்திருந்தவர்கள்.

உன் கல்யாணத்தின்போது நம் வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்பது இங்கே வேண்டாம். அவர்களும் இதைப் படிக்கிறார்கள்.

ஆனால் அம்மா காரியத்துக்கு நீ வராததை நான் மறக்கவில்லை. பேசியது நான். அம்மா என்ன செய்தாள்? கடைசி மூன்று நாள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அண்ணிக்கென்று அம்மா எடுத்து வைத்த இரண்டு வளையல் என்னிடம்தான் இருக்கிறது. கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்துவிட்டேன். அண்ணி கேட்கவே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

பாப்பாவுக்குக் கொண்டு வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எடிஸ்டோவுக்கும் போகணும். நான் வருவதைப் பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. வேண்டாம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்.

உன் தங்கை